எது கிராமம், எது பட்டணம்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து கலந்துகொண்ட சுகாதார வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. கிராமம் என்றால் என்ன, பட்டணம் என்றால் என்ன? இதில் பேச என்ன இருக்கிறது, வயலும் வரப்பும் இருந்தால் கிராமம், கடைவீதியும் பஸ் நிலையமும் இருந்தால் பட்டணம் என்று நீங்கள் சொல்லலாம். நமக்குள் பேசிக்கொள்ள அது போதும். ஆனால் சர்க்கார் எந்த ஊருக்கு எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் என்று தீர்மானிப்பதும், ஆராய்ச்சியாளர்கள் எந்த ஜனங்களிடம் எந்த நோய் அதிகம் என்று எழுதுவதும் இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான். ஆகவே இந்தச் சொற்களுக்கு அவர்கள் என்ன அர்த்தம் கொடுக்கிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2020-ம் வருஷத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளுக்கு 28 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. கிராமப்புறத்தில் இது 31. நகர்ப்புறத்தில் 19. இந்த இரண்டு எண்களையும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். பத்திரிகைகள் எழுதுகின்றன, சட்டசபைகளில் பேசுகிறார்கள், திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். ஆனால் அந்த 31-ல் யாருடைய குழந்தை சேர்ந்திருக்கிறது, 19-ல் யாருடைய குழந்தை சேர்ந்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் இன்று நாம் கேட்கப்போகிறோம்.

மூன்று சோதனைகள்

நம் தேசத்தில் கிராமம் எது, பட்டணம் எது என்று பிரித்துச் சொல்வது ஜனத்தொகைக் கணக்கு இலாகா. 1961-க்கு முன் இந்த விஷயத்தில் ஒரே சீரான விதி இல்லை. ராஜ்யத்துக்கு ராஜ்யம் அதிகாரிகளின் அபிப்பிராயம் வேறுபட்டது. 1961-ம் வருஷக் கணக்கெடுப்பில் அசோக் மித்ரா தலைமை அதிகாரியாக இருந்தபோது, நாடு முழுவதற்கும் கறாரான சோதனைகள் வகுக்கப்பட்டன. அவைதான் சிறு மாறுதல்களுடன் 2011 கணக்கெடுப்பு வரை வந்திருக்கின்றன.

2011-ல் இருந்த சோதனைகள் மூன்று. முதலாவது, அந்த ஊரில் குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் நெருங்கி வாழ வேண்டும். மூன்றாவது, அந்த ஊரின் ஆண் உழைப்பாளிகளில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் அந்த ஊர் கணக்கில் பட்டணம் ஆகிவிடும். இப்படிப்பட்ட ஊருக்குக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று பெயர்.

இது தவிர இன்னொரு வழியும் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று ராஜ்ய சர்க்கார் ஓர் ஊருக்குச் சட்டப்படி பெயர் சூட்டிவிட்டால், எந்தச் சோதனையும் இல்லாமல் அது பட்டணம்தான். அங்கே நாற்பது பேர் இருந்தாலும் பட்டணம், நாற்பதாயிரம் பேர் இருந்தாலும் பட்டணம். எல்லோரும் வயலில் நின்றாலும் பட்டணம்.

இந்த இரண்டு வழிகளிலும் பட்டணம் ஆகாதது எதுவோ அதுவே கிராமம். இதை நன்றாகக் கவனியுங்கள். கிராமத்துக்கு என்று ஒரு விளக்கம் இல்லை. பட்டணத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவது கிராமம். 2011-ல் அப்படி மிஞ்சியவர்கள் 83 கோடி ஜனங்கள்.

யாரை எண்ணவில்லை?

மூன்றாவது சோதனையை இன்னொரு முறை படித்துப் பார்ப்போம். ஆண் உழைப்பாளிகள் என்று இருக்கிறது. பெண் உழைப்பாளிகள் அந்தச் சோதனையில் இல்லை. ஆண்களிலும் எல்லோரும் இல்லை. வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவனே 'பிரதான உழைப்பாளி'. அவனை மட்டுமே இந்தச் சோதனையில் சேர்க்கிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்தவன் சேர மாட்டான்.

இங்கே இருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? நாற்று விடுவது, நடுவது, களை பறிப்பது, அறுப்பது, களத்து வேலை, இதில் பாதிக்கு மேல் யார் கையால் நடக்கிறது? பெண்கள் கையால். வருஷத்தில் ஆறு மாதம் முழுக்க வயல் வேலை கிடைக்கும் ஆண்கள் எத்தனை பேர்? வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தில் எத்தனை பேர்? ஆக, விவசாயத்தின் பெரும் பாரத்தைச் சுமக்கிற பெண்களும், வேலை கிடைக்காமல் தவிக்கிற ஆண்களும், ஓர் ஊர் விவசாய ஊரா இல்லையா என்று தீர்மானிக்கும் சோதனையில் எண்ணப்படவே இல்லை.

இதன் விளைவை ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எந்த ஊரின் கணக்கும் அல்ல, விளக்கத்துக்காக நாமே போடுவது. ஓர் ஊரில் 5,600 பேர். பக்கத்தில் பஞ்சாலைகள். ஆண்களில் 1,500 பேருக்கு வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை. அவர்களில் 1,150 பேர் மில், லாரி, கடை, கட்டட வேலை. 350 பேர் விவசாயம். நூற்றுக்கு 76 பேருக்கு மேல் விவசாயத்துக்கு வெளியே. ஊர் நெருக்கமானது. ஆகவே அது பட்டணம்.

ஆனால் அதே ஊரில் 700 பெண்கள் வயலுக்குப் போகிறார்கள். 150 பெண்கள் மில்லுக்குப் போகிறார்கள். 300 ஆண்கள் ஆறு மாதத்துக்குக் குறைவாக வயல் வேலை செய்கிறார்கள். இவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். வயலில் உழைப்பவர்கள் 1,350. மற்ற வேலையில் இருப்பவர்கள் 1,300. உழைப்பவர்களில் பாதிக்கு மேல் விவசாயத்தில் இருக்கும் ஊர் பட்டணம் என்று பதிவாகிவிட்டது.

இது வெறும் பெயர்ப் பிரச்னை அல்ல. அந்த ஊரில் சேற்றில் நின்று நடவு நட்டு இடுப்பு வலியோடு வாழும் பெண், பூச்சிமருந்து தெளித்த வயலில் களை பறிக்கும் பெண், ஆராய்ச்சிக் கணக்கில் 'நகர்ப்புறப் பெண்' ஆகிறாள். கோயமுத்தூர் நகரின் மத்தியில் வசிக்கும் பெண்ணோடு அவளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். அந்தச் சராசரிக்குள் அவளுடைய ரத்தசோகையும் தெரியாது, அவளுடைய இடுப்பு வலியும் தெரியாது.

இப்படிப்பட்ட ஊர்கள் கொஞ்சமல்ல. இந்தியாவில் கணக்கெடுப்பு நகரங்கள் 2001-ல் 1,362. 2011-ல் 3,894. தமிழ்நாட்டில் மட்டும் 111 என்று இருந்தது 376 ஆயிற்று. கேரளத்தில் 99 என்று இருந்தது 461 ஆயிற்று. இந்தியாவில் பட்டணம் பெருகுகிறது என்று சொல்கிறவர்கள் இந்த எண்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஊர் மாறியது எவ்வளவு, பெயர் மாறியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

மில் தொழிலாளியின் நிலை இதற்கு நேர் எதிரானது. உள்ளூரில் குடியிருந்துகொண்டு தினமும் இருபது கிலோமீட்டர் மில் பஸ்ஸில் போய் வருகிறான். அவன் சுவாசிக்கும் பஞ்சுத் தூசி மில்லில் இருக்கிறது. அவன் மூச்சிரைத்துப் படுப்பது கிராமத்தில். வசிக்கும் இடத்தை மட்டும் எழுதி, தொழிலை எழுதாமல் விட்டால், மில்லில் வாங்கிய நெஞ்சு நோய் கிராமத்து நோய் ஆகிவிடும். அடுப்புப் புகைதான் காரணம், பீடிதான் காரணம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவது சுலபம். அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் பஞ்சுத் தூசியை யாரும் தேடவே மாட்டார்கள்.

பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

சட்டப்படி பட்டணம் ஆன ஊர்களை இப்போது பார்ப்போம். 2011-ல் தமிழ்நாட்டில் இருந்த 1,097 பட்டணங்களில் 721 இப்படிச் சட்டப்படி ஆனவை. தமிழ்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள் என்று சொல்லும்போது, இந்த 721-ல் இருக்கும் பேரூராட்சி ஜனங்களும் அதில் அடக்கம். திருவாரூர் ஜில்லாவில் நன்னிலம், குடவாசல், வலங்கைமான் எல்லாம் பேரூராட்சிகள். அங்கே வசிக்கும் விவசாயத் தொழிலாளியைக் கேட்டால் நான் நகரவாசி என்று சொல்வானா? கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். தேயிலைத் தோட்டங்கள், தோட்டத்து லயன் வீடுகள், யானை நடமாட்டம், சிறுத்தை நடமாட்டம். சுமார் 70,000 ஜனங்கள் இந்த மலையில் சிதறி வாழ்ந்ததாக 2011 கணக்கு சொல்கிறது. வால்பாறை ஒரு நகராட்சி. ஆகவே தேயிலை பறிக்கும் பெண் கணக்கில் நகர்ப்புறப் பெண். நள்ளிரவில் அவளுக்குப் பிரசவம் சிக்கலாகி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீழே இறக்க வேண்டி வந்தால், அந்த நாற்பது வளைவுகளையும் கடந்தாக வேண்டும். 'நகர்ப்புறம்' என்று எழுதிய காகிதம் அந்தப் பாதையைக் குறைத்துவிடுமா?

இன்னொரு சம்பவம். 2004-ல் தமிழ்நாடு சர்க்கார் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் 'சிறப்பு கிராமப் பஞ்சாயத்து' என்று மாற்றியது. மத்திய சர்க்கார் கிராமங்களுக்குக் கொடுக்கும் பணம் அந்த ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். 2006-ல் அவை மறுபடியும் பேரூராட்சிகள் ஆயின. இரண்டு வருஷம் அந்த ஊர்களின் ஜனங்கள் கிராமவாசிகள். அதற்கு முன்னும் பின்னும் நகரவாசிகள். இந்த இரண்டு உத்தரவுகளாலும் அங்கே ஒரு கிணறு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பணம் வருவதற்காகப் பெயரை மாற்றியதை நாம் குறை கூறவில்லை. ஏழை ஊருக்குப் பணம் வந்தால் நல்லதுதான். நாம் சொல்வது இதுதான்: ஓர் உத்தரவில் மாறக்கூடிய பெயரை, மனிதனின் ஆரோக்கியத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது.

ஓர் ஊர், பல பெயர்

நிலைமையை இன்னும் சிக்கலாக்குவது, ஒரே ஊருக்கு ஒவ்வோர் இலாகாவும் ஒவ்வொரு பெயர் சொல்வதாகும்.

கணக்கெடுப்பு நகரத்தைப் பாருங்கள். ஜனத்தொகைக் கணக்கில் அது பட்டணம். ஆனால் அதை ஆள்வது கிராமப் பஞ்சாயத்து. 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது, அது கிராமப் பஞ்சாயத்து என்பதால் வேலை கிடைத்தது. பஞ்சாயத்தை நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் பெண்கள் திரண்டு ஆட்சேபித்தது இதனால்தான். எந்தப் பெயரில் எது கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சுகாதார இலாகாவின் விதி வேறு. 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியது. 2013-ல் நகரங்களுக்குத் தனித் திட்டம் வந்தது. நகரத் திட்டம் 50,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள பட்டணங்களுக்கும் ஜில்லாத் தலைநகரங்களுக்கும் உரியது. அதற்குக் குறைந்த பட்டணங்கள் ஊரகத் திட்டத்திலேயே இருக்கும் என்று விதி. ஆகவே சிறு பேரூராட்சியில் வசிக்கும் தொழிலாளிக்கு மருந்து கொடுப்பது ஊரகத் திட்டம். அவன் நோயை எண்ணுவது நகர்ப்புறக் கணக்கு. கிராமத் திட்டத்தின் பலன் என்ன என்று கிராமக் கணக்கைப் பார்த்தால் அவன் அங்கே இருக்க மாட்டான்.

இதற்கு மேல் காலதாமதம் வேறு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப்போயிற்று. தலை எண்ணும் வேலை 2027 பிப்ரவரியில் நடக்கும் என்று 2025-ல் அறிவித்தார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, எந்த வீட்டைக் கிராமத்தில் சேர்ப்பது, எந்த வீட்டைப் பட்டணத்தில் சேர்ப்பது என்பதற்கு 2011-ம் வருஷப் பட்டியலையே வைத்துக்கொண்டது. அதற்குள் எத்தனை வயல்கள் மனைகளாயின, எத்தனை ஊர்களுக்கு மில் வந்தது, எத்தனை மில் மூடியது!

கோடு நகர்ந்தால் கணக்கு என்ன ஆகும்?

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கைச் சொல்ல வேண்டும். காகிதம் பென்சில் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். இதுவும் நாமே போடும் உதாரணம்.

மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று பட்டணம். இரண்டாவது பட்டணத்தை ஒட்டிய சாலையோரக் கிராமம். மூன்றாவது உள்ளே தள்ளி இருக்கும் கிராமம். ஒவ்வொன்றிலும் 1,000 குழந்தைகள் பிறந்தன. பட்டணத்தில் 14 குழந்தைகள் இறந்தன. சாலையோரக் கிராமத்தில் 26. உள் கிராமத்தில் 40. மொத்தம் 80.

இப்போது சராசரி எடுங்கள். பட்டணத்தில் ஆயிரத்துக்கு 14. இரண்டு கிராமங்களும் சேர்ந்து ஆயிரத்துக்கு 33.

அடுத்து, சாலையோரக் கிராமத்தைப் பட்டணம் என்று அறிவித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் சராசரி எடுங்கள். பட்டணத்தில் இப்போது 14-ம் 26-ம் சேர்ந்து ஆயிரத்துக்கு 20. கிராமத்தில் மிஞ்சியது உள் கிராமம் மட்டும், ஆயிரத்துக்கு 40.

பட்டணத்தில் சாவு 14-லிருந்து 20 ஆகக் கூடியது. கிராமத்தில் 33-லிருந்து 40 ஆகக் கூடியது. இரண்டு பக்கமும் நிலைமை கெட்டுவிட்டது என்று அறிக்கை எழுதலாம். ஆனால் இறந்தது அதே 80 குழந்தைகள்தான். ஒரு குழந்தையும் கூடுதலாகச் சாகவில்லை, ஒரு குழந்தையும் கூடுதலாகப் பிழைக்கவில்லை. கோடு மட்டும் நகர்ந்தது.

ஆகவே ஒருவர் வந்து பத்து வருஷத்தில் கிராமத்து நிலைமை இப்படி மாறியது, அப்படி மாறியது என்று சொன்னால், நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பத்து வருஷத்துக்கு முன் கிராமம் என்று எண்ணிய அதே ஊர்களைத்தான் இன்றும் எண்ணுகிறீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத புள்ளிவிவரத்தை, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், நாம் மேடையில் உபயோகிக்கக் கூடாது.

எங்கே வசித்தான், எங்கே இறந்தான்?

ஊரின் பெயர் சரியாக இருந்தாலும் போதாது. அந்த மனிதனை எந்த ஊர்க் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம்.

1969-ம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பும் இறப்பும் எங்கே நிகழ்ந்தனவோ அங்கே பதிவாகின்றன. தமிழ்நாட்டில் இப்போது அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அது நல்ல முன்னேற்றம். ஆனால் கிராமத்துப் பெண் பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெற்ற குழந்தையின் பிறப்புப் பட்டணத்தில் பதிவாகிறது. வயலில் மயங்கி விழுந்து ஜில்லா ஆஸ்பத்திரியில் இறந்தவனின் சாவும் பட்டணத்தில் பதிவாகிறது. நிகழ்ந்த இடத்தை மட்டும் பார்த்துக் கூட்டினால், கிராமத்தில் சாவே குறைவு, கிராமத்தான் கொடுத்து வைத்தவன் என்று தோன்றும். வசித்த ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆஸ்பத்திரிக்கே வந்து சேராதவன் கதி இன்னும் மோசம். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு வெகு காலம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் இறந்தவர் எப்படி இறந்தார் என்று விசாரித்தார்கள். பத்து லட்சம் மரணங்களைப் பற்றிய பெரிய ஆய்வு அது. 2011-ல் அதன் முடிவு வெளிவந்தது. 2005-ம் வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 45,900 பேர் என்று மதிப்பிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமப்புறத்தவர். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். மீதி 77 பேர் வயலிலோ வீட்டிலோ வழியிலோ உயிர் விட்டார்கள்.

இந்த ஆய்வு நமக்குச் சொல்லும் பாடம் பெரிது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு எண்ணியபோது கண்ணில் படாத சாவுகள், வாசல்படி ஏறிக் கேட்டபோது கிடைத்தன. கேட்டவர்களும் ஆராய்ச்சியாளர்கள்தான். ஆகவே ஆராய்ச்சியே மோசம் என்று நாம் சொல்லவில்லை. யாரை, எங்கே போய், எப்படி எண்ணுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மற்ற நாடுகளில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள பிரச்னை அல்ல. அமெரிக்காவில் 2010-ல் ஒரு சர்க்கார் இலாகாவின் விதிப்படி கிராம ஜனங்கள் 5 கோடியே 95 லட்சம். இன்னோர் இலாகாவின் விதிப்படி 4 கோடியே 62 லட்சம். ஒரே தேசம், ஒரே வருஷம், வித்தியாசம் 1 கோடியே 33 லட்சம் பேர். அங்கே கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்ற ஒரு பிரிவு. அரிசோனா ராஜ்யத்தில் கோக்கனினோ கவுண்டி தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரியது. உலகப் பிரசித்தி பெற்ற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு அதில்தான் இருக்கிறது. அந்தக் கவுண்டியில் ஒரு நகரம் இருப்பதால் முழுக் கவுண்டியும் நகர்ப்புறக் கணக்கு. அங்கே பள்ளத்தாக்கு, இங்கே வால்பாறை! பிறகு, கிராம சுகாதாரத்துக்குப் பணம் கொடுக்கும் விஷயத்தில் இந்தக் குறையைப் போக்கப் பெரிய கவுண்டிகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அங்கங்கே இருப்பவர்கள் எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆஸ்திரேலியாவில் வேறு முறை. சாலை வழியாகப் போனால் வசதிகள் உள்ள ஊர் எவ்வளவு தூரம் என்று அளந்து, பெரு நகரத்திலிருந்து மிகத் தொலைவான இடம் வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். இரண்டே பெட்டிகளில் எல்லோரையும் போட்டு அடைப்பதில்லை. சுகாதார விஷயத்துக்குத் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த முறை ஒப்புக்கொள்கிறது.

நம் நாட்டில் தூரம் கிராமத்தின் விளக்கத்திலும் இல்லை, ஆஸ்பத்திரி வைக்கும் விதியிலும் போதுமான அளவு இல்லை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. தலைகளை எண்ணித்தான் பெரும்பாலும் தீர்மானம். 1946-ல் போர் கமிட்டி அறிக்கை கொடுத்தபோது, காலப்போக்கில் 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று சொன்னது. சுதந்திரத்துக்கு முன்பே சொன்ன அந்த லட்சியத்தை இன்று எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

நாம் கேட்பது என்ன?

கோடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணுவதற்கு ஏதோ ஒரு பிரிவு வேண்டும்தான். 1961-ல் கோடு போட்டவர்கள் கெட்ட நோக்கத்தோடு போட்டார்கள் என்றும் நாம் சொல்லவில்லை. தொழில் எப்படிப் பெருகுகிறது, நகரம் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காக அவர்கள் போட்ட கோடு அது. அந்தக் காரியத்துக்கு அது உதவலாம். ஆனால் நகர வளர்ச்சியை அளக்கப் போட்ட கோட்டை எடுத்து நோயை அளக்கிறார்கள் என்பதுதான் நம் ஆட்சேபம். படியை வைத்துத் துணி அளக்க முடியாது.

ஆகவே நாம் கேட்பவை இவை.

ஒன்று: சுகாதார ஆய்வு எதுவானாலும், எல்லா நேரமும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும், ரத்தம் ஏற்றும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கும் அந்த வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், இரவில் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதைக் குறித்தாக வேண்டும்.

இரண்டு: கிராமம், பட்டணம் என்ற இரண்டு பெட்டிகள் போதாது. உள் கிராமம், சாலையோரக் கிராமம், கணக்கெடுப்பு நகரம், பேரூராட்சி, தோட்டப் பகுதி, பெருநகரம் என்று பிரித்து முடிவுகளை வெளியிட வேண்டும்.

மூன்று: ஓர் ஊர் விவசாய ஊரா என்று பார்க்கும் சோதனையில் பெண்களின் உழைப்பையும், ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்தவர்களின் உழைப்பையும் சேர்க்க வேண்டும்.

நான்கு: நோயாளியின் பதிவில் வசிக்கும் ஊர், வேலை செய்யும் இடம், செய்யும் வேலை, நோயோ விபத்தோ நேர்ந்த இடம் ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

இவை கேட்பதற்குப் பெரிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் நான்கு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டு எழுதுவதற்கு அணைக்கட்டு கட்டும் செலவு ஆகாது.

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. நாமே செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வருபவர் வாசலில் நின்று, 'அம்மா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்டால், நம் வீட்டுப் பெண்கள் பலர் 'வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். சில வீடுகளில் கேள்வி பெண்ணிடம் போகுமுன்பே ஆண் பதில் சொல்லிவிடுகிறான். விடியுமுன் எழுந்து சோறாக்கி, நடவுக்குப் போய், மாட்டுக்குப் புல் அறுத்து வருகிறவள் சும்மா இருப்பவளா? செய்த வேலையை, செய்த நாட்களை, உள்ளபடி சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். அவளே சொல்ல வேண்டும்.

இன்னொரு வேலை: ஒவ்வோர் ஊரிலும் நம் சங்கத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். சென்ற வருஷம் நம் ஊரில் பிறந்த குழந்தைகள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை, யார் எந்த வேலை செய்தவர், எங்கே இறந்தார், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். துக்கம் உள்ள வீட்டில் பக்குவமாகக் கேட்க வேண்டும். விருப்பம் இல்லாதவர்களை வற்புறுத்தக் கூடாது. நோயின் விவரத்தை ஊரெல்லாம் பரப்பவும் கூடாது. அந்தக் கணக்கைப் பெயர்கள் இல்லாமல் கிராம சபையில் வையுங்கள். பேரூராட்சியானால் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். மில் தொழிலாளர்கள் தங்கள் ஷெட்டில் எத்தனை பேருக்கு இருமல், மூச்சிரைப்பு என்று தனியாக எழுதுங்கள். இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வீட்டில் மனைவி வயலிலும் கணவன் மில்லிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டைப் பாதி கிராமம், பாதி பட்டணம் என்று வெட்ட முடியாது என்பது அப்போது தெளிவாகும்.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், மற்றவர்கள் விவரம் சொல்லட்டும். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வோர் ஊரிலிருந்தும் இந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். அதிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.